நடமாடும் தலைமை நிலையமும் அதனுள் அமர வேண்டிய தலைவனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்களில் போலீஸ் இலாகாவினர் பேராபத்துக் காலங்களில் உபயோகிக்கும் ஒருவகைப் பெரிய மோட்டார் வண்டி உண்டு. தூரத்தினின்று நோக்குவார்க்கு அது நெடும்பயணம் செய்யும் பஸ் வண்டியாகவே தோன்றும். அணுகி உள்ளே நோக்கின், பிரயாணிகளின் ஆசனங்களுக்குப் பதிலாக ரேடியோக் கருவிகளும், டெலிபோன்களும், தேசப்படங்களும், நீண்டதொரு மேசையும் காணப்படும். தீ, வெள்ளம், புயல், துப்பாக்கிக் கொலை முதலியவை நேருங்கால், அவ்விடத்திற்கு அருகே, ஆயினும் அபாயம் எட்டாத தூரத்தில், அவ்வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதனுள்ளிருந்தே தலைமை உத்தியோகஸ்தர் கட்டளை பிறப்பிப்பர். அந்நாட்டார் அதற்கு வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் 'நடமாடும் தலைமை நிலையம்' என்றாகும். பாசறை என்னும் சொல்லை அறிந்த நம்மவர் அதனைச் சக்கரம் பூண்ட பாசறை என்று வழங்கினும் பொருந்தும்.

அதன் மின்சார யந்திரம் அதனோடேயே செல்வதால், ஊர் முழுவதும் இருளில் மூழ்கினும் அதனுள் விளக்கெரியும். கூரையினின்று உயர எழும்பும் கம்பத்தின் உச்சியில் கேமரா பொருத்தப்பட்டிருக்கும். செயற்கைக்கோளின் வழியாகச் செய்தி அனுப்பும் தட்டும் சிலவற்றில் உண்டு. பெரிய வண்டிகளில் உள்ளிடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியில் ரேடியோக்களைக் கவனிப்போர் வரிசையாக அமர்வர். மற்றதில் தலைவர்கள் கூடி ஆலோசிப்பர். நடுவே கதவொன்று இருத்தல் நலம் என்பதை, பலர் ஒருங்கே உரக்கப் பேசும் அறையில் பரீட்சைக்குப் படிக்க முயன்ற எந்த விடுதி மாணவனும் ஒப்புக்கொள்வான். இவை யாவற்றினும் மேலாக நாம் மதிப்பது, வெவ்வேறு அலைவரிசைகளில் பேசும் இலாகாக்களின் ரேடியோக்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் கருவியையே. போலீஸார் பேசுவதைத் தீயணைப்போர் கேட்கும்படி செய்யும் அச்சிறு பெட்டியின் அருமை, அஃதில்லாத இடங்களில் நேர்ந்தவற்றை அறிந்தார்க்கே விளங்கும்.

இவ்வண்டிகளின் விலை அற்பமன்று. சிறியவற்றிற்கே சில லட்சம் டாலர் வேண்டும். பெரியவை பத்து லட்சத்தையும் கடப்பதுண்டு. ஆகவே, ஊர்வலத்திற் காட்டுவதற்கு மட்டும் உதவும் ஆடம்பரம் என்று ஒரு சாரார் இதனை இகழ்வர். இதனை வாங்கிவிட்டால் ஊருக்கு இனிப் பயமில்லை என்று மற்றொரு சாரார் மகிழ்வர். இரு சாராரும் வண்டியையே உற்று நோக்கி, அதனுள் அமர வேண்டிய மனிதனை நோக்க மறந்தனர் என்பது நமது அபிப்பிராயம். இன்ன ஆபத்தில் இன்னாரே தலைவர் என்று முன்னரே துணிந்து, ஏனைய இலாகாக்களும் அதற்கு உடன்பட்டுப் பழகியிராத ஊரில், அவ்வண்டி வெறும் இரும்புக் கூடாகவே நிற்கும். அவ்வாறு பழகிய ஊருக்கோ, அது விலைக்குத் தக்க பயனைத் தரும்.

வண்டியே வேண்டுவதில்லை என்பார்க்கு முதலில் விடை கூறுவோம். 2005 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29 ஆம் தேதி காத்ரீனா என்னும் பெரும்புயல் கரையேறியபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற கரைகள் உடைந்து, அதன் பெரும்பகுதி நீரில் ஆழ்ந்தது. போலீஸ் தலைமைக் கட்டடத்தையும் வெள்ளம் விடவில்லை. ரேடியோ நிலையங்கள் செயலற்றன. பல இலாகாவினரும் எஞ்சிய சில அலைவரிசைகளில் நெருக்குண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் மறித்தனர். ஈற்றில் அந்நகரப் போலீஸார் கானால் வீதியிலுள்ள சூதாட்ட மாளிகையொன்றின் முகப்பில், விருந்தினரின் வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில், தம் தலைமை நிலையத்தை அமைத்துக்கொள்ள நேர்ந்தது. போதகர் எவரும் தெரிந்தெடுக்கும் இடமன்று. எனினும் வெள்ளத்தில் மேடு கிடைத்ததே பெரிது. கட்டடத்தை நம்பியிருப்போர்க்கு, அக்கட்டடமே ஆபத்தில் அகப்படும் நாளில் போக்கிடம் இல்லாமற் போகின்றது.

நியூயார்க்கு நகரத்தாரின் அனுபவம் இதனினும் கொடியது. அவர்கள் 1999 ஆம் ஆண்டில், ஆபத்துக் காலத்திற்கென்றே, மிகுந்த பொருட்செலவில் ஒரு தலைமை நிலையத்தை உலக வர்த்தக மையத்தின் ஏழாம் எண் கட்டடத்தில், 23 ஆம் மாடியில் அமைத்தனர். 1993 ஆம் ஆண்டிலேயே வெடிகுண்டினால் தாக்கப்பட்ட இடத்திற்கு அருகிலா இதனை வைப்பது என்று அப்பொழுதே ஆட்சேபித்தவர் உண்டு. 2001 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் தேதி காலை 8.46 மணிக்கு வடக்குக் கோபுரத்திலும், 9.03 மணிக்குத் தெற்குக் கோபுரத்திலும் ஆகாய விமானங்கள் மோதின. ஏறக்குறைய 9.30 மணிக்குத் தலைமை நிலையத்தில் இருந்தோர் வெளியேற்றப்பட்டனர். மாலை 5.20 மணிக்கு அக்கட்டடமே இடிந்து வீழ்ந்தது. எந்த நாளை எண்ணி அதனைக் கட்டினார்களோ, அந்த நாளில் அது முழுதாக ஒரு மணி நேரங்கூட அவர்களுக்கு உதவவில்லை. வேறொரு ஒத்திகைக்காக ஆயத்தம் செய்யப்பட்டிருந்த 92 ஆம் துறைமேடையில் சில நாட்களுக்குள் புதிய நிலையத்தை நிறுவிக்கொண்டது அவர்களுடைய சாமர்த்தியத்தைக் காட்டுகின்றது. முந்திய ஏற்பாட்டின் பேதைமையை அது மறைக்காது.

ஆயினும் கட்டடத்தை இழந்ததைவிடப் பெரிய குறை ஒன்று அன்று வெளிப்பட்டது. தீயணைப்பு இலாகாவின் தலைவர்கள் வடக்குக் கோபுரத்தின் கீழ்க்கூடத்திலும், பின்பு மேற்கு வீதியிலும் தங்கள் நிலையத்தை வைத்தனர். போலீஸாரோ, சர்ச் வீதியும் வெஸி வீதியும் கூடும் முனையில் வேறொரு நிலையத்தை அமைத்தனர். இரண்டிற்கும் இடையே சில நிமிட நடைதூரமே. ஆனால் இங்குள்ள செய்தி அங்கே செல்ல ஒழுங்கான வழி இல்லை. 9.59 மணிக்குத் தெற்குக் கோபுரம் வீழ்ந்தது. போலீஸாரின் ஹெலிகாப்டர்கள் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. பத்து மணி கடந்த சில நிமிடங்களில், வடக்குக் கோபுரமும் நெடுநேரம் நில்லாது என்று அவற்றிலிருந்து எச்சரிக்கை வந்தது. அது போலீஸ் ரேடியோவில் ஒலித்தது. ஹெலிகாப்டரில் தீயணைப்பு இலாகாவைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. அவ்வெச்சரிக்கை தீயணைப்புத் தலைவர்களை எட்டவும் இல்லை. வெளியேறும்படி அவர்கள் தாமாகவே கட்டளையிட்டது மெய்தான். ஆனால் அக்கட்டளையைக் கேளாதவர் பலர். பக்கத்துக் கோபுரம் வீழ்ந்ததென்பதையே அறியாமல் மாடிகளில் நின்றவர்களும் உண்டு. 10.28 மணிக்கு வடக்குக் கோபுரம் வீழ்ந்தது. அன்று மாண்ட தீயணைப்பு இலாகாவினர் 343 பேர்.

அவ்வெச்சரிக்கை எட்டியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று கணக்கிடுதல் எவர்க்கும் இயலாது. நாமும் அதற்குத் துணியோம். நாம் இங்கே கவனிக்கும்படி வேண்டுவது ஒன்றே. இன்ன வகை ஆபத்தில் இன்ன இலாகாவே தலைமை வகிக்க வேண்டும் என்று அந்நகரத்தின் மேயர் அதே ஆண்டு ஜூலை மாதத்தில் உத்தரவு பிறப்பித்திருந்தார். உத்தரவு இருந்தது, இரு இலாகாக்களும் தனித்தனியே நடந்துகொள்ளும் பழக்கமும் அப்படியே இருந்தது. அன்று அவ்விடத்தில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே வண்டியினுள் இருவரும் தோளோடு தோள் உராய அமரும் வழக்கந்தான் இல்லாதிருந்தது. காகிதத்தில் எழுதிய ஒற்றுமை, இரண்டு மாதத்தில் மனிதர் நெஞ்சில் இறங்கிவிடுமோ?

பல இலாகாக்களை ஒரு தலைமையின்கீழ் நடத்தும் முறை அந்நாட்டார் அறியாததன்று. 1970 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பதின்மூன்று நாட்கள் பெருந்தீ எரிந்து, 16 பேர் மாண்டு, எழுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அதன்பின் ஆராய்ந்தபோது, ஆட்களும் கருவிகளும் போதாமையைக் காட்டிலும், ஒருவர் சொல் ஒருவர்க்கு விளங்காமையே பெருங்கேடு என்று கண்டனர். 'டாங்கர்' என்று கேட்டால், ஓர் இலாகா தண்ணீர் லாரியை அனுப்பும். மற்றொன்று தண்ணீர் சொரியும் விமானத்தை நினைக்கும்! ஆதலால் எல்லா இலாகாக்களுக்கும் பொதுவான சொற்களையும், பொதுவான பதவிகளையும், ஒரே தலைமையையும் வகுத்து ஒரு முறையை ஏற்படுத்தினர். 2004 ஆம் ஆண்டில் அது தேசம் முழுவதற்கும் உரிய முறையாக விதிக்கப்பட்டது. அதன்படி, சம்பவம் நேர்ந்த இடத்திற்கு முதலில் வந்து சேரும் உத்தியோகஸ்தரே, அவர் எவ்வளவு இளையவராயினும், தலைவர். தகுதியுள்ள வேறொருவர் வந்து, 'இனி நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று வாய்திறந்து சொல்லும்வரை அவரே தலைவர். ஒருவருக்குக் கீழே மூவர் முதல் எழுவர் வரையில் இருக்கலாம். ஐவர் இருப்பது உத்தமம்.

இதனை வாசிக்கையில், நம் கல்லூரியில் வேதபாட வகுப்பிலிருந்தோர்க்கு யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. காலைமுதல் மாலைவரை ஜனங்கள் சூழ நின்று, ஒவ்வொருவர் வழக்கையும் தாமே கேட்டுக் களைத்துப்போன மோசேயைக் கண்டு, அவருடைய மாமனாகிய எத்திரோ கூறிய ஆலோசனை இதுவே யன்றோ? ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தி, அரியவற்றை மாத்திரம் தம்மிடம் கொண்டுவரச் செய்யும்படி அக்கிழவர் சொன்னார். வனாந்தரத்தில் ஆட்டு மந்தைக்காரர் கண்டதைக் கலிபோர்னியாவில் கண்டுபிடிக்க இத்தனை வீடுகள் எரிய வேண்டியிருந்தது.

இனி, நாம் எழுதத் தயங்கும் பகுதிக்கு வருவோம். டெக்ஸஸ் மாகாணத்தில் யுவால்டி என்னும் சிறிய ஊர். 2022 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் தேதி, காலை 11.33 மணிக்கு ஒரு வாலிபன் துப்பாக்கியோடு அவ்வூர் ஆரம்பப் பாடசாலையினுள் நுழைந்தான். சில நிமிடங்களில் போலீஸாரும் நுழைந்தனர். அவன் சுட்டதும் பின்வாங்கினர். அதற்குப் பிறகு அவர்கள் அந்த வகுப்பறைக்குள் புகுந்து அவனை வீழ்த்தியது 12.50 மணிக்கு. எழுபத்தேழு நிமிடங்கள்! மாண்டவர் பத்தொன்பது சிறுவர் சிறுமியரும், ஆசிரியைகள் இருவரும். அன்று அவ்விடத்திற்கு வந்து சேர்ந்த ஆயுதம் தாங்கிய உத்தியோகஸ்தர் 376 பேர் என்று டெக்ஸஸ் சட்டசபைக் குழுவினர் அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. எல்லைக் காவலர் 149 பேர். மாகாணப் போலீஸார் 91 பேர். எஞ்சியோர் வேறு பல இலாகாக்களைச் சேர்ந்தோர். சிற்றூருக்கு இஃதொரு சேனை. சேனைக்குத் தலைவன் இல்லை.

பாடசாலையின் சொந்தத் திட்டத்தின்படி, இத்தகைய வேளையில் தலைமை வகிக்க வேண்டியவர் பாடசாலைப் போலீஸின் தலைவரே. அத்திட்டத்தை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். அவரோ, கைகளிரண்டும் ஓய்வாயிருக்க வேண்டுமென்று தமது ரேடியோக்களை வெளியிலேயே விட்டு, நடைக்கூடத்தினுள் நின்றார். தம்மைத் தலைவராக எண்ணவில்லை என்றும், வேறு யாரோ தலைமை ஏற்றிருப்பார் என்று நினைத்ததாகவும் பின்பு கூறினார். அவரே தலைவர் என்று எண்ணி அவர் கட்டளைக்காகக் காத்து நின்றவர் மற்றொரு புறம். வகுப்பறைக்குள்ளிருந்து குழந்தைகள் டெலிபோனில் மெல்லிய குரலில் உதவி கேட்டுக்கொண்டிருந்தனர். அச்செய்தி ஊரிலுள்ள டெலிபோன் நிலையத்தை எட்டியது, நடைக்கூடத்துத் தலைவரை எட்டவில்லை. பூட்டைத் திறக்கச் சாவி தேடிக்கொண்டிருந்தனர். அக்கதவு பூட்டப்படாமலே இருந்திருக்கலாம் என்று அறிக்கை கூறுகின்றது.

கட்டடத்திற்கு வெளியே, துப்பாக்கியின் ஓசைக்கு அப்பால், ஒருவர் நின்று, வரும் செய்திகளை யெல்லாம் ஒன்றுகூட்டி ஆலோசித்திருந்தால் அன்றைய நாள் வேறுவிதமாகச் சென்றிருக்கலாம் என்பது அக்குழுவினரின் கருத்து. நாமும் அதனை ஒப்புகிறோம். அதற்கு லட்சக்கணக்கான டாலர் பெறும் வண்டி அவசியமில்லை. ஒரு சாதாரணக் காரின் முன்புறத் தகட்டின்மேல் விரித்த தேசப்படமும், பக்கத்தில் ஒரு ரேடியோவும், 'இனி நானே தலைவன்' என்று உரக்கச் சொல்லும் ஒரு வாயும் போதுமாயிருந்தன. அந்த வாய் இல்லாத இடத்தில், மிகச் சிறந்த வண்டியொன்று பாடசாலை வாயிலில் நின்றிருந்தாலும், அதன் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், உள்ளே பலர் பேசிக்கொண்டிருப்பர், நிமிடங்களும் கழிந்துகொண்டிருக்கும்.

இவ்விடத்தில் மாறுபாடானதோர் ஆட்சேபத்தையும் மறைக்கலாகாது. தலைமை நிலையம் அமைக்கப்படும் வரையில் காத்திருப்பதே கேடாக முடிந்த நாளும் உண்டு. 1999 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் தேதி கொலராடோ மாகாணத்தில் கொலம்பைன் உயர்தரப் பாடசாலையில் மாணவர் பன்னிருவரும் ஆசிரியர் ஒருவரும் கொல்லப்பட்டனர். போலீஸார் தமது அக்காலப் பயிற்சியின்படி கட்டடத்தைச் சூழ்ந்து நின்று, விசேஷப் படையை எதிர்நோக்கினர். காயமுற்ற அவ்வாசிரியரை மாணவர்கள் ஓர் அறையில் வைத்துக்கொண்டு, ஒருவர் குருதி சிந்தி இறந்துகொண்டிருக்கிறார் என்று பலகையில் எழுதி ஜன்னலில் வைத்தனர். கொலையாளிகள் இருவரும் நண்பகல் கடந்த சில நிமிடங்களில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஆயினும் காயமுற்ற வேளையிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் சென்ற பின்னரே படையினர் அவ்வறையை அடைந்தனர். ஆசிரியர் பிழைக்கவில்லை. அதற்குப் பின் அந்நாட்டுப் போலீஸாரின் பயிற்சி மாறிற்று: சுடுபவன் சுட்டுக்கொண்டிருக்கும் வேளையில், முதலில் வந்தவர்கள் எவருக்கும் காத்திராமல் உள்ளே செல்லவேண்டும். ஆகவே, வண்டி வரட்டும் என்று காத்திருப்பது எவ்விதத்திலும் தகாது. ஓரிடத்தினின்று ஓட்டிக்கொண்டு வந்து, நிறுத்தி, கம்பம் உயர்த்தி, கருவிகளை இயக்குவதற்கு அவ்வண்டிக்கு நேரம் வேண்டும். முதற் கால்மணி நேரம் அதனுடையதன்று; வந்து நிற்கும் முதல் உத்தியோகஸ்தருடையது.

அப்படியானால் அதன் வேலை யாது? மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் நீளும் ஆபத்துகளே அதற்குரியவை. வெள்ளத்தில் படகுகளைப் பங்கிடுதல், காணாமற் போனவரைக் காட்டில் தேடுதல், காட்டுத்தீயின்முன் ஊரைக் காலிசெய்தல், பாடசாலையினின்று வெளிவந்த குழந்தைகளைப் பெற்றோரிடம் பெயர் குறித்து ஒப்புவித்தல். இக்கடைசி வேலை பத்திரிகைகளில் பெரிதாக எழுதப்படுவதில்லை. தன் பிள்ளை எங்கே என்று கேட்டு நிற்கும் தாய்க்கு விடை சொல்வார் ஒருவரும் இல்லாத இடத்தில், வேறெந்த ஒழுங்கும் நிலைத்திராது.

ஊர்வலங்களிலும் பந்தய விளையாட்டுகளிலும் இவ்வண்டிகளை நிறுத்துவதைக் குறித்துச் சிலர் ஏளனம் செய்வர். நாம் அதற்கு உடன்படோம். திருவிழா நாளன்று, ஒருவருக்கும் ஆபத்தில்லாத வேளையில், போலீஸ் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் வைத்திய உதவிக்குப் பொறுப்பாளியும் அதே மேசையில் அமர்ந்து, தொலைந்த குழந்தையையும் மயங்கி வீழ்ந்த முதியவரையும் கவனித்துப் பழகுவதே மிகச் சிறந்த ஒத்திகை. ஆனால் அவ்வண்டியின் கம்பத்திலுள்ள கேமரா அமைதியாகக் கூடிப் பேசும் குடிகளின் முகங்களை நோக்கித் திரும்பும்போது நமது ஆதரவு முடிவடைகிறது. ஆபத்திற்கென்று வாங்கிய பொருளை வேவு பார்த்தலுக்குப் பயன்படுத்தும் இலாகா, ஆபத்து நாளில் வேண்டிய ஜனங்களின் நம்பிக்கையை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது. இன்னொன்று: பெரிய மனிதர்களும் நிருபர்களும் நினைத்தபோதெல்லாம் உள்ளே நுழைந்து நிற்கும் வண்டியில் தலைவனால் ஒன்றையும் ஆலோசிக்க முடியாது. வாயிலில் ஒரு கான்ஸ்டேபிளை நிறுத்தி, மேயராயினும் கேட்டுக்கொண்டே உள்ளே வரச் செய்வது நலம்.

ஆதலால், இத்தகைய வண்டியை வாங்கப் பணம் அனுமதிக்கும்படி எந்தப் போலீஸ் இலாகாவேனும் நகர சபையாரைக் கேட்குமாயின், சபையார் யந்திரத்தின் குதிரைச் சக்தியையும் கம்பத்தின் உயரத்தையும் விசாரிப்பதற்கு முன்பு சிலவற்றை வினவுவாராக. வெள்ளத்தில் இதனுள் தலைமை வகிப்பவர் யார்? தீயில் யார்? அவர் வெளியூர் சென்றிருந்தால் யார்? இதற்குச் சம்மதமென்று தீயணைப்பு இலாகாவினர் கையெழுத்திட்டனரோ? ஆண்டில் எத்தனை நாள் அவர்கள் இதனுள் ஒருங்கே அமர்வர்? இவ்வினாக்களுக்கு எழுதிய விடைகள் விலைப்பத்திரத்தோடு சேர்த்து வைக்கப்படுமாயின், அத்தொகையை அனுமதிப்பதில் நாம் தடை சொல்லோம்.